பிப்ரவரி 18, பிற்பகல் 2:35

1

என் நாட்குறிப்பில் பதினோரு பக்கங்களில் என் கையெழுத்து இல்லை. பிப்ரவரி 9 ஞாயிறு முதல் 19 புதன் வரை. போன வருடத்துப் பக்கங்கள் அவை. இன்று அந்த ஒன்பதாம் தேதி மறுபடி வந்திருக்கிறது. ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு அந்தப் பதினோரு நாட்களைப் பற்றி ஒழுங்காக எழுதிவிடலாம் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே தூறல். வெப்பம் நான்கு டிகிரி.

பதினாறு வயதிலிருந்து நாள் தவறாமல் எழுதுகிறேன். கோவில்பட்டியில் நூற்பாலையில் மெஷின் பிட்டராக இருந்த காலத்தில் ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு எழுதிய பக்கங்களில் இன்னும் விரல் ரேகை தெரிகிறது. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. நான் வந்து சேர்ந்த மில்லும் மூடியாகிவிட்டது. இப்போது நகர நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களைப் பதிந்து அடுக்கும் வேலை. தேதி முத்திரையோடு வாழ்கிறவனுக்குப் பொருத்தமான வேலைதான்.

அப்படிப்பட்டவனுக்குப் பதினோரு நாள் காணாமல் போனது. நுரையீரலில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல், இங்கிருக்கும் பெரிய பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். தொண்டையில் குழாய். மயக்க மருந்து. எனக்கு நினைவிருப்பது ஒன்பதாம் தேதி ஆம்புலன்ஸின் படி. அடுத்து நினைவிருப்பது பத்தொன்பதாம் தேதி சுவரில் ஒரு கடிகாரம், ஏழு ஐம்பது.

நடுவில் நடந்தது எல்லாம் ஒரு நீல நோட்டில் இருக்கிறது. அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம். மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கு ஒரு நோட்டுப் போட்டு, அன்றன்று நடந்ததை நர்ஸுகளும் வீட்டாரும் அவனுக்குச் சொல்வது போல எழுதி வைக்கிறார்கள். பிழைத்து எழுந்த பிறகு மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி, கூட உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டி, கையில் கொடுத்துவிடுகிறார்கள். நினைவில் ஓட்டை விழுந்தவர்கள் அதைத் தப்பான கனவுகளால் அடைத்துக்கொள்கிறார்களாம், அதற்காக. நாட்குறிப்பின் அருமை தெரிந்த ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன் என்று பிறகு சந்தோஷப்பட்டேன்.

2

என் மனைவி கோமதிக்குச் சொந்த ஊர் இடைசெவல் பக்கம். இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பஸ்ஸுக்கும் கடைக்கும் வேலைக்கும் போதுமான ஆங்கிலம் அவளிடம் உண்டு. ஒரே மகள் மீனா கனடாவில் இருக்கிறாள். நான் படுத்த அன்று அவள் பிள்ளை பெற்று ஒன்பதாவது நாள். பச்சை உடம்புக்காரியிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்று கோமதி முடிவு செய்துவிட்டாள். "அப்பாவுக்குச் சளிக் காய்ச்சல், ஆஸ்பத்திரில நல்லா கவனிக்காவ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆக, பதினோரு நாளும் அவள் தனி ஆள்.

அவளுடைய நாள் இப்படிப் போயிருக்கிறது. காலை ஆறுக்கு ஊரிலிருந்து என் அக்கா சீனியம்மாள் போன். அக்கா விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில், மிளகாய்க் காடும் பதினாலு ஆடுமாக இருக்கிறாள். பிறகு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரி. பதினொரு மணிக்கு டாக்டர்கள் சுற்றி வந்து முடித்ததும் செய்தி சொல்வார்கள். செய்தியைக் குடும்பத்தில் ஒருவரிடம்தான் சொல்வார்கள், அந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு, நெஞ்சில் வைத்து, வெளியே வந்து அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.

"ஏட்டி கோமதி, என்னட்டி சொல்லுதாவ டாக்டரு?"

"மருந்த கொறச்சிருக்காவ மதினி. இனி முழிப்பு வரணும்ங்காவ."

"வரணும்ங்காவளா, வரும்ங்காவளா?"

"வரணும்ங்காவ."

"அந்தா பாரு. நம்ம பெரியாஸ்பத்திரியா இருந்தா நான் வார்டு வாசல்லயே உக்காந்து, போற வார ஒரு டாக்டரையும் விடாமப் பிடிச்சிக் கேட்ருப்பேன். அங்கன கேக்க ஆளில்லாம நீ ஒத்தையில நிக்க."

"இங்கன கேட்டா சொல்லுதாவ மதினி. எனக்குத்தான் பாதி வெளங்க மாட்டேங்கு."

விளங்காததற்கு ஆஸ்பத்திரி ஒரு வழி வைத்திருந்தது. போனில் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ஒரு பெண்மணி, மிகப் பொறுமையானவர் என்கிறாள் கோமதி. அதோடு ஒரு துண்டுப் பிரசுரமும் தமிழில் வரவழைத்துக் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சையில் இருப்பவரின் உறவினருக்கான தகவல். நூலகத்தில் எத்தனையோ பிரசுரங்களைப் பார்க்கிற நான் சொல்கிறேன், விறைப்பான தமிழ்தான், ஆனால் தப்பில்லாத தமிழ். அவரோடு பேசுங்கள், கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். இன்று என்ன கிழமை, என்ன தேதி என்று சொல்லுங்கள். அவருக்குப் பழக்கமான பெயரைச் சொல்லி அழையுங்கள்.

கிழமையும் தேதியும் கோமதி சொல்லியிருக்கிறாள். கடைசி வரியில்தான் நின்றுவிட்டாள்.

3

கோமதி என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

இங்கே வந்த புதிதில் இதைப் பற்றி எங்களுக்குள் சண்டை நடந்திருக்கிறது. படித்த திமிரில் நான் நிறைய விளக்கியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சாப்பிட வாங்க" என்பாள். என் பெயர் அழகுவேல். அதனால் அவள் எந்தச் சேலையையும் அழகு என்று சொன்னதில்லை. "லெச்சணமா இருக்கு" என்பாள். பேரன் பிறந்த படம் வந்தபோதும் "லெச்சணமா இருக்கான்" என்றுதான் சொன்னாள். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ கணவர் பெயர் கேட்டால் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். இந்த நாட்டில் அதை யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. எழுத்தில் கொடுப்பதை மதிக்கிற தேசம்.

என்னை "ஏங்க" என்று கூப்பிடுவாள். மயக்க மருந்தை நிறுத்திய சனிக்கிழமையிலிருந்து காதோரமாக "ஏங்க, ஏங்க" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அசையவில்லை. அதில் மருத்துவ அதிசயம் ஒன்றுமில்லை. முதல் ஏங்கவுக்குத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதில் எனக்கு முப்பத்து மூன்று வருடப் பயிற்சி.

டாக்டர்களும் நர்ஸுகளும் என்னைக் கூப்பிட்டது "சுப்பையா" என்று. அது என் அப்பா பெயர். தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது. பாஸ்போர்ட் எடுக்கும்போது பள்ளிச் சான்றிதழில் இருந்த தலைப்பெழுத்தை விரித்து, வரிசை மாறக்கூடாது என்று கண்ணும் கருத்துமாக, சுப்பையா அழகுவேல் என்று எழுதினேன். இங்கே முதலில் வருவது ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர். வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிகளில் நான் சுப்பையா. முழித்திருக்கும்போது அதற்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். மயக்கத்தில், கற்றதெல்லாம் போய்விட்டது போலும்.

ஏனென்றால் எனக்கு ஒரு கனவு நினைவிருக்கிறது. தேதி போட முடியாத கனவு. நல்ல வெயில். வீட்டுக்குள் நான் மட்டும் இருக்கிறேன், ஏழெட்டு வயது. வெளியே யார் யாரோ வந்து "சுப்பையா, சுப்பையா" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் ஐயாவை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமானால் வந்திருப்பவர் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு நடுவில் பிள்ளைகள் வாய் கொடுக்கக்கூடாது. ஐயா பருத்திக் காட்டுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். "சுப்பையா, கையை அழுத்து" என்கிறார்கள். ஐயாவின் கை என்னிடம் ஏது? சத்தம் காட்டாமல் இருந்தால் போய்விடுவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நான் அங்கே ஒழுக்கமான பிள்ளையாக இருந்த நேரத்தில், வெளியே டாக்டர்கள் என் மூளையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

4

பதினேழாம் தேதி திங்கட்கிழமை, நீல நோட்டின் வாசகத்தை நான் தமிழில் தருகிறேன்: "இன்றும் நீங்கள் கண் திறக்கவில்லை. மருந்து உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். டாக்டர் உங்கள் மனைவியிடம் பேசினார்."

டாக்டர் பேசியதை மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருக்கிறார். உங்கட கணவருக்குச் சில நாள் மூச்சுக் குறைவாக இருந்தபடியால் மூளையில் பாதிப்பு இருக்கக்கூடும். சொன்னதற்கு ஒரு விரலாவது அசைத்தால் நம்பிக்கை. புதன்கிழமை தலையை ஸ்கேன் எடுப்பார்கள். அதன் பிறகு, சிகிச்சையை எதுவரை கொண்டுபோவது என்று குடும்பத்தோடு இருந்து கதைக்க வேணும்.

"எதுவரைக்கும்னா?" என்று கோமதி கேட்டாளாம். போனில் அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதிலேயே விளங்கிவிட்டது என்கிறாள்.

அன்றைக்கு அந்தப் பக்கத்தில் கோமதி தமிழில் எழுதியிருப்பது இது: "இன்னைக்கு திங்கக்கெழமை. வெயில் அடிச்சது. ரெண்டாவது பஸ் 20 நிமிசம் லேட்டு. மதினி வீட்டு கருப்பி ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு கிடா. நல்லா தூங்குனது போதும்." டாக்டர் சொன்னதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மீனாவுக்குத் தமிழ் படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை எட்டு வயதில் நிறுத்திவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. பிறகு இந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா ஏன் ஆட்டைப் பற்றி எழுதியிருக்கிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அன்று மாலை கோமதி அக்காவுக்கு வீடியோ போன் போட்டு என் தலையணையில் வைத்திருக்கிறாள். உடன்பிறந்தவள், பேர் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ளவள்.

"மதினி, நீங்க பேரச் சொல்லிச் சத்தமா கூப்பிடுங்க. அவிய காதுல விழட்டும்."

அக்கா என் முகத்தில் இருந்த குழாய்களைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். "என் கூடப்பொறந்த தங்கமே, ஒன்ன இந்தக் கோலத்துல பாக்கவா நான் உசுரோட இருக்கேன்" என்று நீட்டி இழுத்து ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துப் படுக்கை நர்ஸ் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"மதினி! வைங்க போன! ஆளு மூச்சோட இருக்கையிலயே ஒப்பாரி வைக்கிதீங்களா?"

"நான் எங்கட்டி ஒப்பாரி வச்சேன், அழுவ வந்திட்டு..."

"ராகம் போட்டா அழுவீங்க?"

கோமதி அக்காவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இருவரும் அதை இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

5

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் கோமதி செய்தது விளங்காது.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். அக்கா வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் அவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். அக்கா சீட்டு எழுதும் ஜன்னலில், பெண்கள் வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"நோயாளி பேரு?"

அக்கா வாய் திறக்கவில்லை. சீட்டு எழுதுபவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

அந்தப் பெண் அக்காவின் தோளைத் தொட்டாள். "எந்தச் சாமி பேரு?"

"சுடுகாட்டுப் பக்கம் நிக்கவரு."

"சுடலையா? சுடலையாண்டியா?"

"இல்ல. பின்னால, சிப்பிக்குள்ள கெடக்குமுல்லா..."

"சுடலைமுத்து! எழுதுங்க ஐயா, சுடலைமுத்து."

அடுத்தது அந்தப் பெண்ணின் முறை. அவள் தன் வீட்டுக்காரர் பெயருக்காக அக்கா கழுத்தில் கிடந்த மாங்கல்யத்தைத் தொட்டுக் காட்டி, தலையில் கிரீடம் வைப்பது போலக் கையை வைத்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்து, "தங்கராசு" என்றாள். "வயசு?" என்றதும் அவளே பதில் சொன்னாள். வயசு சொல்லத் தடையில்லை. முன்பின் தெரியாத இருவரும் ஒருவர் புருஷனை மற்றவர் பேர் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு, எதுவும் நடக்காதது போல அவரவர் வழியில் போனார்கள்.

நான் அன்று நாட்குறிப்பில் இதைக் கேலியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த வாசகத்தை இங்கே எடுத்துப் போட எனக்கு மனமில்லை.

6

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஸ்கேன்.

காலையில் ஒரு இளம் டாக்டர் என் தோளைத் தட்டி, உரக்க, "சுப்பையா! கண்ணைத் திற! சுப்பையா!" என்று கூப்பிட்டிருக்கிறார். பத்து நாளாக அதைக் கேட்டுப் பழகிய கோமதிக்கு அன்று திடீரென்று உறைத்திருக்கிறது. இந்த டாக்டர் மாமாவை அல்லவா கூப்பிடுகிறார்? மாமாவைக் கூப்பிட்டால் இவர் எப்படி எழுந்திருப்பார்?

என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெயர் கிரேஸ். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். பிற்பகல் அவள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கோமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னிடம் இருந்த ஆங்கிலத்தில், அந்தப் பெயர் இவருடைய அப்பா பெயர் என்று சொன்னாள்.

"அப்படியா! இவர் பெயர் என்ன?"

கோமதி என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் இரண்டாவதாக இருந்த வார்த்தையைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்கள் கூப்பிடுங்கள். உங்கள் குரல்தான் அவருக்குத் தெரியும்."

"நான் சொல்லமாட்டேன். எங்க ஊர்ல பொண்டாட்டி சொல்லக்கூடாது."

கிரேஸ் ஒரு நிமிடம் பார்த்தாளாம். ஏன் என்று கேட்கவில்லை. "வேறு எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"ஏங்க."

கிரேஸ் உடனே என் பக்கம் குனிந்து, "ஏங்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். கோமதிக்குச் சுருக்கென்றது. "நோ, நோ! அது நான் கூப்பிடுறது. நீ பேரச் சொல்லு."

அப்புறம்தான் சோதனை ஆரம்பித்தது. பட்டையைப் பார்த்துக் கிரேஸ் முதலில் சொன்னது "அசாகுவெல்". கோமதி தலையை ஆட்டினாள், இல்லை. "அஜகூவேல்". இல்லை. திருத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள் அந்தப் பெயரை வாயில் போட மாட்டாள். நடுவில் இருக்கும் எழுத்தோ வெளியூர்க்காரர் நாக்குக்கு அடங்காதது. கோமதி யோசித்திருக்கிறாள். ஜன்னலைக் காட்டி "மளை" என்றாள். கிரேஸின் டப்பாவில் நறுக்கி வைத்திருந்த வாழைப்பழத்தைக் காட்டி "பளம்" என்றாள். கோழித் துண்டைக் காட்டி "கோளி" என்றாள். எங்கள் பக்கத்தில் பேச்சில் அந்த எழுத்து அப்படித்தான். கிரேஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். மளை. பளம். கோளி.

"அந்த நாக்கு," என்று கோமதி தன் வாயைத் திறந்து காட்டினாள். "அந்த நாக்க வச்சி அதச் சொல்லு."

"அளாகுவேல்."

கோமதி இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள், குறுக்கு என்பது போல. பிறகு கையை நீட்டி இழுத்தாள், கடைசியை இழு. பக்கத்துப் படுக்கை நர்ஸ் தன் வேலையை விட்டுவிட்டு வந்து அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாளாம். "நீ வேண்டாம், ஒனக்கு வராது" என்று கோமதி தமிழிலேயே அவளை ஒதுக்கிவிட்டாள்.

பன்னிரண்டாவது தடவை என்று நோட்டில் கிரேஸ் குறித்திருக்கிறாள். எண்ணியிருக்கிறாள் பாருங்கள். கோமதி தலையை மேலும் கீழும் ஆட்டினாள். கையை வீசி, போ, போய் அவர் காதில் சொல்லு என்றாள்.

நோட்டின் வாசகம் இது, வரிக்கு வரி: "18 பிப்ரவரி, பிற்பகல் 2:35. உங்களை உங்கள் பெயரால் கூப்பிட்டேன். நான்காவது தடவை கண் திறந்தீர்கள். கூப்பிட்டது யார் என்று தேடினீர்கள். கொஞ்சம் எரிச்சலாக இருந்தது போலத் தெரிந்தது. கையை அழுத்தச் சொன்னேன், அழுத்தினீர்கள். இடது கையும் அழுத்தினீர்கள். உங்கள் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்."

மறுநாள் ஸ்கேன் எடுக்கவில்லை. டாக்டர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

7

இதில் ஒன்றும் எனக்கு மூன்று மாதம் தெரியாது. கோமதியிடம் கேட்டபோதெல்லாம், "மருந்து தெளிஞ்சிது, முழிச்சீங்க" என்றாள். அது பொய்யும் அல்ல. டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார். மருந்து தெளியும் நேரமாகவும் இருந்திருக்கலாம், சிலருக்கு நாளாகும் என்றார். நானும் அதை மறுக்கவில்லை. இரண்டும் ஒரே பிற்பகலில் நடந்தன என்று மட்டும் பதிகிறேன்.

மே மாதம் நோட்டை வாங்கிக்கொள்ள இருவரும் போனோம். தாழ்வாரத்தில் ஒரு பெண் எதிரே வந்து, வாய் நிறையச் சிரித்து, "அளகுவேல்!" என்றாள். இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடத்தில் என் பெயரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் அப்படியே சொல்வார்கள். என் கால் நின்றுவிட்டது. கோமதி சட்டென்று சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தாள்.

கிரேஸ் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினாள். பதினெட்டாம் தேதிப் பக்கத்துக்கு வந்ததும் கோமதி செய்ததை எல்லாம் நடித்தே காட்டினாள். மளை, பளம், கோளி. மூன்று வார்த்தையும் மறக்கவில்லை. பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தாள். பதிவேட்டில் நோயாளி விரும்பும் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், இத்தனை வருடமும் அதை நான் காலியாக விட்டிருக்கிறேன். நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே தேதியும்.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆற்றவில்லை.

"கோமதி, மறுநாள் ஸ்கேன். அதுக்கப்புறம் என்ன பேசப் போறாவன்னு ஒனக்குத் தெரியும். அப்பக்கூடவா? ஒரே ஒரு தடவ நீயே சொல்லியிருக்கலாமே?"

"என்ன பேச்சுப் பேசுதீங்க?" அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "பேர் சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்ங்காவ. நீங்க நல்லா நடமாடையிலயே நான் சொன்னதில்ல. இழுத்துக்கிட்டுக் கெடக்கையில சொல்லுவனா? இருந்த கொஞ்சத்தையும் நானா கொறைக்கவா?"

முப்பத்து மூன்று வருடமாக நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் இப்படி ஒரு நியாயம் இருந்ததை ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"அப்படியும் அந்தப் புள்ள கூப்பிட்டு முழிக்கலேன்னா?"

"முழிக்காம? சாயங்காலம் வரைக்கும் சொல்ல வச்சிருப்பேன். பாவம், அவ சோறு ஆறிப்போச்சி."

இரண்டு நிறுத்தம் தாண்டி அவளே கேட்டாள்.

"கண்ணு முழிச்சி யாரையோ தேடுனீங்கன்னு எழுதியிருக்காள்லா? யாருன்னு நெனச்சித் தேடுனீங்க?"

நினைவில் இல்லாததை நான் எழுதுவதில்லை, சொல்வதுமில்லை. பத்தொன்பதாம் தேதி கடிகாரத்துக்கு முன்னால் எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வெயில் கனவின் முடிவு மட்டும் எப்போதும் தெளிவாக இருக்கிறது. ஐயாவைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, கடைசியாக ஒரு குரல் என்னைக் கேட்டு வந்தது. எனக்காகத்தான், வேறு யாருக்காகவும் இல்லை. அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதில் அன்றும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"நீ கூப்பிட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

கோமதிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, நான் எங்க சொன்னேன்?" என்று பஸ்ஸில் எல்லோரும் பார்க்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்பது போல என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, நான் சொல்லிக் குடுத்து அவ சொன்னது, நான் சொன்ன மாதிரி ஆயிராதுல்லா?"

ஆயுள் முழுக்கப் பதிவேடுகளோடு பழகியவன் நான். எதை யார் பெயரில் எழுதுவது என்பதில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. நீல நோட்டைத் திறந்து, பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் கிரேஸின் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆகாது" என்றேன். "எழுத்துல இருக்கு பாரு. சொன்னது அவ."

கோமதி அந்த ஆங்கில வரியை ஒவ்வொரு எழுத்தாகக் கூர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டை என்னிடமிருந்து வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.